மாமரம் பிளக்கும் 12 படங்கள்

கந்தசஷ்டி ஆறாம் நாள் பின்னேரம் முருகன் கோயில் வீதியில் நிற்கிற பிள்ளைகள், சூரனுக்கு எப்போது தலை மாறும் என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனைமுகத்தைக் கழற்றிச் சிங்கமுகத்தைப் பூட்டுவார்கள். பிறகு சூரனின் சொந்த முகம், பிறகு மாமரம், கடைசியில் சேவலும் மயிலும். உடம்பு ஒன்றுதான், காவுகிறவர்களும் அதே ஆட்கள்தான். தலை மாறினவுடன் வந்தவன் வேறொருவன் என்று வீதி முழுக்க நம்பிவிடும்.

ஸ்டொப் மோஷன் என்கிற அசைவுப்படத்திலும் இதே வேலைதான். ஒரு உடம்பைச் செய்து, தலைகளைப் பலதாக வெட்டி, படத்துக்குப் படம் மாற்றி வைத்து எடுப்பார்கள். ஆகவே வன்னியில் வளர்ந்த ஒரு பிள்ளைக்கு இந்தக் கலையின் அரைவாசியை யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மற்ற அரைவாசி நேரக்கணக்கு. கையில் இருக்கிற போனையும் பிறிஸ்டல் போட் என்கிற தடித்த மட்டையையும் கொண்டு சூரன் போரின் முடிவை ஒரு நிமிடப் படமாக எடுக்க நினைக்கிற ஆசிரியர்களுக்கும் ஓ.எல் வகுப்புப் பிள்ளைகளுக்கும் அந்தக் கணக்கைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

எதிரி விழுகிற சண்டை சப்பென்று போவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். அடி விழுகிற கணத்துக்கு நிறைய நேரத்தைக் கொடுத்துவிட்டு, அதற்கு முந்தின அமைதிக்கு நேரமே கொடுக்காமல் விடுவது. வேல் ஐந்து செக்கன் பறந்தால் அது வேல் இல்லை, பட்டம். வேல் பறக்க அரைச் செக்கன் போதும். அதற்கு முன் இரண்டு செக்கன் ஒன்றுமே அசையக்கூடாது. பார்க்கிறவருக்கு மூச்சு நிற்பது அந்த இரண்டு செக்கனில்தான்.

ஜப்பானிய அரக்கத் தொடர்களைச் செய்தவர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். 1999 மார்ச்சில் தொடங்கி 2000 மார்ச்சில் முடிந்த ‘டிஜிமோன் அட்வென்ச்சர்’ தொடரில் 54 பகுதிகள். தோயெய் அனிமேஷன் நிறுவனம் செய்தது. அதன் கடைசி எதிரி அபோகலிமோன், பரிணாமத்தின் வழியில் அழிந்துபோன டிஜிமோன்கள் என்கிற அரக்க உயிர்களின் துயரமும் வெறுப்பும் திரண்டு உருவானவன். வந்தவுடன் அடிக்கத் தொடங்கமாட்டான். “நாங்கள் ஏன் அழிய வேண்டும், நீங்கள் மட்டும் ஏன் சிரிக்க வேண்டும்” என்கிற பொருளில் முதலில் தன் வழக்கைச் சொல்லுவான். கூத்தில் இராசாவுக்கு வரவு இருப்பது மாதிரி இவனுக்கும் ஒரு வரவு. அதன்பிறகு முந்தி வந்த எதிரிகளின் ஆயுதங்களையே எடுத்து அடிப்பான். தொடரின் நாயகர்களான பிள்ளைகளுக்குப் பலம் தருகிற சின்னங்களை உடைப்பான். அவர்களின் உடம்பைக்கூடத் தரவாகக் கரைத்துவிடுவான். எல்லாம் போன அந்த வெறுமையில் தொடர் கொஞ்ச நேரம் நின்று பேசும். சின்னத்தின் பலம் உலோகத் துண்டில் இல்லை, தங்களுக்குள்ளேயே இருக்கிறது என்று பிள்ளைகள் உணர்ந்து திரும்பி வந்த பிறகு சண்டை விறுவிறென்று முடிந்துவிடும். தோற்கப்போகிறவன் தன்னையே வெடிக்க வைத்து மனிதர் உலகம், டிஜிமோன் உலகம் இரண்டையும் கொண்டுபோகப் பார்ப்பான். பிள்ளைகளின் கைக்கருவிகள் ஒளியால் ஒரு கூடு கட்டி அந்த வெடிப்பை உள்ளேயே அடக்கிவிடும்.

சூரனோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். அபோகலிமோன் அடைக்கப்பட்டு அழிகிறான். சூரன் அழிவதில்லை, கொடியும் வாகனமும் ஆகிறான். அந்த முடிவைப் படத்தில் காட்டுவது கடினம். நேரக்கணக்கில் நல்ல பங்கை அதற்கென்று ஒதுக்கிவைக்க வேண்டும்.

கணக்கைப் பார்ப்போம். செக்கனுக்கு 12 படம், 60 செக்கனுக்கு 720. சினிமா ஓடுவது செக்கனுக்கு 24 படத்தில் என்றாலும், ஒவ்வொரு கீறலையும் இரண்டு மூன்று படத்துக்கு நிறுத்திவைப்பது கைவரை படங்களில் வழமை, அதனால் 12 குறைச்சல் இல்லை. அந்த 720ஐ இப்படிப் பிரிக்கலாம். இருவரும் எதிரெதிரே வந்து நிற்பது 72. சூரனின் தம்பிமாரான ஆனைமுகத் தாரகன் 96, சிங்கமுகன் 96. சூரன் தன் முகத்தோடு வந்து பேசிப் பொருவது 144. இருளாகி, கடலுக்கு நடுவே மாமரமாக எழும்புவது 120. வேலுக்கு முந்தின அமைதி 24. வேல் பறப்பது 6. மரம் பிளப்பது 12. பிளந்த பின் அமைதி 30. சேவலும் மயிலும் 96. கொடியில் முடிப்பது 24. கூட்டிப் பாருங்கள், சரியாக 720 வரும். அமைதிகளுக்கு ஒரே படத்தை நகலெடுத்தால் போதும். மற்ற நிறுத்தங்களையும் அப்படிச் செய்தால் உண்மையில் எடுக்க வேண்டியது சுமார் 500. ஒரு படத்துக்கு ஒரு நிமிடம் வைத்தாலும் இரண்டு சனிக்கிழமை வேலை.

கதையில் எல்லாரும் விடுகிற பிழை ஒன்று இருக்கிறது. தொடக்கத்திலேயே முருகனைத் தோகை மயிலில் ஏற்றிவிடுவார்கள். கந்தபுராணப்படி சூரன் மயிலாவது தோற்ற பிறகுதான். அதற்கு முன் அவன் சக்கரவாகப் பறவையாக வந்து பொருதபோது முருகனைச் சுமந்த மயில் இந்திரன். ஆகவே தொடக்கத்தில் முருகனைத் தேரில் நிறுத்துங்கள். பறவைச் சண்டையும் வேண்டும் என்றால் இந்திர மயிலை வேறு நிறத்தில், சாம்பலோ வெள்ளையோ கலந்து செய்யுங்கள். கடைசியில் பச்சையும் நீலமுமாக ஒரு மயில் எழும்பும்போதுதான் அது யார் என்று பார்க்கிறவருக்கு விளங்கும். தாரகன் செத்தது கிரவுஞ்ச மலையில், போரின் தொடக்கத்திலேயே. கோயிலில் மூன்று பேரையும் ஒரே பின்னேரத்தில் காட்டுவதுபோல நாமும் சுருக்கலாம், அதில் குற்றமில்லை. மயிலை மாற்றிவிட்டால் கதையின் முடிச்சே அவிழ்ந்துபோகும்.

உருவங்களுக்கு வருவோம். படம் பிடிக்கிற தளம் 48 சென்ரிமீற்றர் அகலம், 27 உயரம். அகலத் திரைக்கு அந்த அளவு சரியாகப் பொருந்தும். சூரன் 18 சென்ரிமீற்றர், முருகன் 11. எதிரி பெரிதாகவும் முருகன் சின்னப் பிள்ளையாகவும் தெரிய வேண்டும். மாமரம் 24, அதாவது திரையின் மேல்விளிம்பை முட்டுகிற மாதிரி. சூரனின் உடம்பை எட்டுத் துண்டாக வெட்டுங்கள்: மார்பு, இடுப்பு, மேற்கை இரண்டு, முன்கை இரண்டு, கால் இரண்டு. தலை தனி. மூன்று தலைக்கும் கழுத்தின் அடிப்பாகம் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒரு தலையை வரைந்து, கழுத்தை மட்டும் மற்ற இரண்டுக்கும் அச்செடுத்து வெட்டினால் பிசகாது. கழுத்து 2 மில்லிமீற்றர் மாறினாலும் தலை மாறும்போது உடம்பே துள்ளும்.

மூட்டு வருகிற இரு துண்டின் நுனியையும் ஒரு சென்ரிமீற்றர் வட்டமாக விட்டு, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஊசியால் ஒரே துளை போட்டு, இரட்டை நூலைக் கோத்து இரண்டு பக்கமும் முடிச்சுப் போடுங்கள். முடிச்சுக்கும் மட்டைக்கும் நடுவே நகத்தளவு பிறிஸ்டல் போட் துண்டொன்றைக் கொடுத்தால் துளை கிழியாது. கையை உயர்த்தினால் விழாமல் நிற்க வேண்டும், தட்டினால் நகர வேண்டும், இறுக்கம் அவ்வளவுதான். வேல் மட்டும் மூட்டில்லாமல் ஒரே துண்டாக, 9 சென்ரிமீற்றரில். ஏன் 9 என்பதைப் பிறகு சொல்கிறேன். முதுகில் ஒரு தென்னை ஈர்க்கை ஒட்டினால் வளையாது.

கந்தசஷ்டி வருவது ஐப்பசியில். காலபோக விதைப்பும் மழையுமாக இருக்கிற அந்த நாட்களில் காற்றிலேயே ஈரம். ஒரு பக்கம் மட்டும் வர்ணம் பூசின பிறிஸ்டல் போட் விடிவதற்குள் அப்பளம் மாதிரிச் சுருளும். தண்ணீர் பட்ட பக்கம் விரிந்து, காயும்போது இழுத்துக்கொள்வதுதான் காரணம். பின்பக்கத்துக்கும் அதேயளவு வெறும் தண்ணீரைத் தூரிகையால் பூசி, இரண்டு பழைய பேப்பருக்கு நடுவே வைத்து, மேலே தடித்த புத்தகங்களை ஏற்றி ஒரு இரவு விடுங்கள். கோதுமை மாவில் காய்ச்சின பசையை இந்த வேலைக்குப் பாவிக்காதீர்கள். ஈரக்காலத்தில் காயாது, இரவில் கரப்பானும் எறும்பும் சூரனின் மீசையைத் தின்றுவிடும். கடையில் விற்கிற வெள்ளைக் கம் நல்லது.

போனைக் கட்டுவதற்குக் கடைச் சாமான் தேவையில்லை. ஒரே உயரக் கதிரைகள் இரண்டை எதிரெதிரே வைத்து, இருக்கைகளின் மேல் ஒரு பலகையைப் போட்டு, கமரா பலகையின் விளிம்புக்கு வெளியே கீழே பார்க்கிறபடி போனைப் படுக்கவைத்து, ரேப்பால் ஒட்டுங்கள். தளத்தை நிலத்தில் விரியுங்கள். 48 சென்ரிமீற்றர் அகலம் திரைக்குள் வருவதற்கு ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர் உயரம் வேண்டும். போனுக்குப் போன் கொஞ்சம் மாறும். பொத்தானை விரலால் அமத்தினால் ஒவ்வொரு படமும் ஒரு மயிரிழை ஆடும். வயருள்ள இயர்போனைச் செருகி அதன் சத்தப் பொத்தானால் எடுங்கள், பல போன்களில் அது வேலை செய்யும். இல்லாவிட்டால் 2 செக்கன் தாமதம் வையுங்கள். போனை விமானப் பயன்முறையில் போடுங்கள். 300ஆவது படத்தில் ஒரு அழைப்பு வந்து, போன் நடுங்கி, தளம் விலகினால் அந்தக் காட்சியை முதலிலிருந்து எடுக்க வேண்டிவரும்.

பிள்ளைகள் எடுத்த படங்கள் மினுக்கு மினுக்கென்று துடிப்பதற்கு மூன்று காரணம் இருக்கும். ஒன்று, போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது. திரையில் சூரனின் மார்பை அழுத்திப் பிடித்தால் குவியமும் வெளிச்சமும் பூட்டப்படும். படம் எடுக்கிற செயலியில் வெண்சமநிலைப் பூட்டு (நிறச் சாயல் மாறாமல் வைப்பது) இருந்தால் அதையும் போடுங்கள். இரண்டு, மின்சாரம். எங்கள் கரண்ட் 50 ஹேர்ட்ஸ், பல்ப் செக்கனுக்கு 100 தடவை துடிக்கும். கமராவின் ஷட்டர் வேகத்தைக் கையால் வைக்க முடிந்தால் 1/50 அல்லது 1/100 செக்கன் வையுங்கள், துடிப்பு மறையும். அயலில் தண்ணிப் பம்ப் தொடங்கும்போது மங்குகிற குண்டு பல்ப்பை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம். ஒரே மாதிரி எல்.ஈ.டி பல்ப் இரண்டை இடமும் வலமும் 45 பாகையில் சரித்து வைத்து, யன்னலை மூடுங்கள். ஐப்பசி வானத்தை நம்பிப் பகல் வெளிச்சத்தில் எடுத்தால் ஒவ்வொரு முகிலும் படத்தில் பதியும். மூன்றாவது காரணத்தை அநேகர் யோசிப்பதேயில்லை. அது எடுப்பவரின் சட்டை. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு குனிந்து நிமிர்ந்தால் அதில் பட்ட வெளிச்சம் தளத்தில் ஏறி இறங்கும். கறுப்பு அல்லது கடும் நீலம் உடுத்துங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரே இடத்தில் நின்று எடுங்கள்.

ஸ்டொப் மோஷன் ஸ்டூடியோ போன்ற செயலியில் எடுத்தால், முந்தின படம் திரையில் மங்கலாகத் தெரியும். எவ்வளவு நகர்த்தினோம் என்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே நகர்த்தலாம். சாதாரணக் கமராவில் எடுத்தால் ஒரு படம் 3 எம்.பி. என்று வைத்தாலும் 720க்கு 2 ஜி.பி.க்கு மேல் வேண்டும். தொடங்க முன் இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

அசைவு: மெல்ல நடப்பதற்குப் படத்துக்கு 3 மில்லிமீற்றர், வெறியோடு பாய்வதற்கு 3 சென்ரிமீற்றர். ஒரு நேரத்தில் ஒருவர்தான் அசைய வேண்டும். சூரன் கதாயுதத்தை ஓங்கும்போது முருகனும் தேர்க்கொடியும் அலையும் சேர்ந்து ஆடினால் கண் எதையும் பார்க்காது. அடிக்க முன் கையைப் பின்னுக்கு இழுங்கள், மூன்று நாலு படம். பின்னே போகாத கை முன்னே வந்தாலும் அதில் பலம் தெரியாது. முருகன் வலப்பக்கம், சூரன் இடப்பக்கம் என்று வைத்தால் கடைசிவரை அப்படியே வையுங்கள். நடுவில் மாறினால் யார் யாரைத் துரத்துகிறார் என்றே விளங்காது.

இனி மரம். ஒரே அளவில் இரண்டு மாமரம் வெட்டுங்கள். ஒன்று முழுசு. மற்றது அடியிலிருந்து நுனிவரை இரண்டாகக் கிழித்தது. கத்தரிக்கோலால் வெட்டாமல் கையால் கிழியுங்கள், விளிம்பு நார்நாராக இருக்க வேண்டும். கிழித்த இரண்டு பாதியின் உள்விளிம்பில், ஒன்றில் சிவப்பும் மண்ணிறமும், மற்றதில் நீலமும் பச்சையும் மெல்லிய கோடாகப் பூசுங்கள். சூரனின் கிரீடத்திலும் இதே நான்கு நிறத்தைத் தொடக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும். அரக்கனின் கிரீட நிறம் மரத்துக்குள் போய்ச் சேவலிலும் மயிலிலும் வெளியே வருவதைக் கண் தானாகத் தொடரும், ஒரு சொல்லும் வேண்டியதில்லை.

மரம் எழும்பி முடிந்ததும் அந்த 24. முழுமரம், தேரில் முருகன், கையில் வேல், ஒரே படம். அலைகூட அசையக்கூடாது. தவில், சேமக்கலம் எல்லாச் சத்தமும் சட்டென்று நிற்க வேண்டும். இசையை மெல்ல மெல்லக் குறைத்தால் தூக்கம்தான் வரும், வெட்டி நிறுத்துங்கள்.

பிறகு வேல், 6 படம், வலமிருந்து இடமாக. தேருக்கும் மரத்துக்கும் இடையில் எவ்வளவு தூரமோ அதை ஆறாகப் பிரித்து நகர்த்துங்கள். தளத்தின் முழு அகலத்தையும் அது கடந்தால்கூடப் படத்துக்கு 8 சென்ரிமீற்றருக்கு மேல் போகாது. வேலின் நீளம் 9 என்று சொன்னது இதற்குத்தான். நகர்கிற தூரத்தைவிடப் பொருள் நீளமாக இருந்தால், அடுத்த படத்து வேல் முந்தின படத்து வேலின் இடத்தைக் கொஞ்சம் தொட்டு நிற்கும், கண் இரண்டையும் சேர்த்து ஒரே பாய்ச்சலாகப் பார்க்கும். 5 சென்ரிமீற்றர் வேலை 8 சென்ரிமீற்றர் நகர்த்தினால் ஆறு வேல் தனித்தனியாக மின்னி மறைவது மாதிரி இருக்கும்.

பிளப்பின் 12. முதல் படத்தில் வேல் நுனி மரத்தைத் தொடுகிறது. இரண்டாவதில் பின்னணியை எடுத்துவிட்டு வெள்ளைத் தாள், அதில் கறுப்பு மட்டையில் வெட்டிய மரநிழல் மட்டும். இந்த ஒரு வெண்படம் அடியின் பாதிப் பலத்தைத் தரும், இரண்டாவது வெண்படம் போட்டால் கண் கூசும். மூன்றாவதில் பின்னணி திரும்ப வந்து, முழுமரம் போய், கிழித்த மரம். இடைவெளி 2 மில்லிமீற்றர், அதற்குக் கீழே மஞ்சள் தாள். நாலாவதில் 5 மில்லிமீற்றர். ஐந்தும் ஆறும் அதே படம், அசையாது. ஏழில் 2 சென்ரிமீற்றர், எட்டில் 4, ஒன்பதில் 7. பத்திலிருந்து பன்னிரண்டுவரை பாதிகள் கடலுக்குச் சரிகின்றன. இதற்குள் இலைகள் உதிர வேண்டும். நகத்தளவு பச்சைத் தாள் 30 போதும், ஏழாவது படத்தில் எல்லாம் மேலே, பிறகு படத்துக்கு 2 சென்ரிமீற்றர் கீழே. தூளுக்கு மில்லில் உமி வாங்கிவாருங்கள். ஒரு சிட்டிகையைப் பிளப்பின் வாயில் போட்டு, குளிர்பானக் குழாயால் மெல்ல ஊதிப் படம் எடுத்து, அடுத்த படத்துக்கு இன்னொரு ஊது. பன்னிரண்டாவது முடிந்ததும் தூரிகையால் கூட்டி எடுத்துவிடுங்கள். ஒரு உமி தளத்தில் தங்கினாலும் பின்னாலே வரும் 30 படத்து அமைதியில் அது கல்லு மாதிரித் தெரியும். அடிச்சத்தத்தை முதல் படத்திலேயே வையுங்கள். சத்தம் ஒரு படம் பிந்தினால் யாரும் கவனிக்கமாட்டார்கள், முந்தினால் பொய்யென்று தெரிந்துவிடும்.

சேவலும் மயிலும் வருவதற்கு 96. சேவலுக்கு 40, மயிலுக்கு 56. பாதி மரத்திலிருந்து பறவைவரை ஐந்து இடைவடிவம் வெட்டுங்கள்: மரப்பாதி, வளைந்த மரப்பாதி, கழுத்து முளைத்தது, சிறகு விரிந்தது, பறவை. ஒவ்வொன்றையும் நாலு படம் வையுங்கள். மிச்சப் படங்களில் அவை முருகனை நோக்கி வர வேண்டும். புராணத்தில் இரண்டும் பணிந்து வரவில்லை, சினந்து பொர வந்தன. முருகனின் அருட்பார்வை பட்ட பிறகுதான் சினம் அடங்கியது. இதை விட்டுவிட்டுப் பறவைகளை நேரே கொடியிலும் காலடியிலும் கொண்டுபோய் வைத்தால், 1008 அண்டங்களை 108 யுகம் ஆண்டவன் ஒரு நொடியில் செல்லப்பிராணி ஆனது மாதிரி இருக்கும். மயிலை வேகமாக, படத்துக்கு 2 சென்ரிமீற்றராக ஓடவிடுங்கள். முருகனுக்குக் கண்மணியை மட்டும் தனித்துண்டாக வெட்டி வைத்திருங்கள். மயில் கிட்ட வரும்போது கண்மணி ஒரு மில்லிமீற்றர் கீழே இறங்கட்டும். மயிலின் நகர்வை 2 சென்ரிமீற்றரிலிருந்து 1 சென்ரிமீற்றர், பிறகு 5 மில்லிமீற்றர், பிறகு 2 மில்லிமீற்றர் என்று குறைத்து நிறுத்துங்கள். தோகை அப்போதுதான் விரியலாம்.

மிச்சம் 24, கொடி. தேர்க்கம்பத்தில் சேவல், பின்னால் வெறும் நீல வானம். முதல் 15 படம் அசையாமல் வைத்து, 16, 17, 18இல் சேவலின் தலையை மூன்று நிலையில் திருப்பி, அடுத்த 6 படத்தை அப்படியே விட்டு, சேமக்கலத்தை ஒரு தடவை அடியுங்கள். கோயில் வீதியில் வெள்ளை வேட்டி கட்டித் திரையிடுவதானால் இருட்டின பிறகு தொடங்குங்கள். மாமரத்துக்கு முந்தின இருள் காட்சி வேட்டியில் இன்னும் மங்கும் என்பதால் அந்த 120 படத்தை மட்டும் செயலியில் கொஞ்சம் வெளிச்சம் கூட்டிவிட்டுத் திரையிடுங்கள்.